கிளீனர் இளைத்த கதை

என் சித்தியை ஏமாற்றிவிட்டுப் போன லாரி இதுவரை இல்லை. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எடை மேடையில் அவளுக்கு வேலை. சரக்கு ஏற்றிய லாரி மேடையில் ஏறினால் ஓர் எண் வரும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் லாரி திரும்பி வந்து ஏறினால் இன்னோர் எண் வரும். அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கின் எடை. தொழில் இவ்வளவுதான். ஆனால் இந்தக் கழித்தலுக்குள் ஆயிரம் தில்லுமுல்லு உண்டு. ஒருவர் டீசல் டாங்கை வழிய வழிய நிரப்பிக்கொண்டு வருவார். இன்னொருவர் கூட வந்த ஆளை சீட்டுக்கு அடியில் படுக்க வைத்திருப்பார். வேறொருவர் பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பல் குத்திக்கொண்டு நிற்பார். இரும்புப் படி ஏறிப் போகும் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் சித்தி மைக்கைத் தட்டுவாள்.

"பின் சக்கரம் வெளிய நிக்குது அண்ணே. கொஞ்சம் முன்னால நகத்துங்க."

குரல் லாரிகள் நிற்கும் யார்டு முழுக்கக் கேட்கும். பல் குத்திக்கொண்டிருந்தவர் குச்சியைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறுவார்.

நான் அவளுடைய அக்கா மகள். அச்சகத்தில் வேலை கிடைத்ததிலிருந்து அவள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். அதனால் அவளைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அவள் அப்படி நினைப்பதில்லை. ஊர் லாரிகளையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற மனுஷி, சொந்த வீட்டில் காலைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பொய்யை எப்படி விட்டாள் என்பதை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

கிளீனர் என்பது நாயின் பெயர். எட்டு வருஷத்துக்கு முன்னால், யார்டில் எல்லாரும் மீசைக்காரர் என்று கூப்பிடும் டிரைவரின் லாரியில் வந்து இறங்கினான். லாரியில் கிளீனர் உட்காருகிற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு உட்கார்ந்திருந்தான். எங்கே ஏறினான் என்று மீசைக்காரருக்கே தெரியாது. "நீங்களே வச்சுக்குங்கம்மா, இவன் வேலைக்கு ஆக மாட்டான்" என்று சித்தி கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கிளீனர் தினமும் சித்தியோடு வேலைக்குப் போய், இரும்புப் படி ஏறி, அவள் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்வான். வருகிற டிரைவர்களெல்லாம் அவனுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். கொடுத்த கையை நக்கி, அடுத்த லாரி வரும்போது பிறந்ததிலிருந்து சாப்பிடாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் கலை அவனுக்குத் தானாக வந்தது.

தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் மிருக டாக்டரம்மா, "உடம்பு கொஞ்சம் ஏறிட்டே போகுதே" என்பார். சித்தி காதில் வாங்க மாட்டாள். மறுநாளே கிளீனரை லாரி மேடையின் நடுவில் நிற்க வைத்துவிட்டு, மேலே ஏறிப் போய் எண்ணைப் பார்ப்பாள். இருபது. போன வருஷமும் இருபதுதான், அதற்கு முந்தின வருஷமும் இருபதுதான்.

"ஒரு கிலோ கூட ஏறல. என் மேடை பொய் சொல்லாது" என்பாள்.

அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். பதினாறு கிலோ நாயும் அதற்கு இருபதுதான், இருபத்து நான்கு கிலோ நாயும் அதற்கு இருபதுதான். இது சித்திக்குத் தெரியாத விஷயமா? நாலைந்து கிலோவுக்குச் சண்டைக்கு வரும் டிரைவர்களிடம் இதையே சொல்லி வாயை அடைப்பவள் அவள்தான். நாய் விஷயத்தில் மட்டும் வசதியாக மறந்துபோய்விடும்.

ஒரு நாள் கிளீனர் இரும்புப் படியில் பாதியில் நின்றுவிட்டான். மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கினான். சித்தி அவனைத் தூக்கப் போனபோது அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. லாரிகளை நிற்கச் சொல்லிவிட்டு சித்தப்பாவுக்கு போன் செய்தாள்.

டாக்டரம்மா கட்டியில் ஊசி குத்திச் சோதித்துப் பார்த்துவிட்டு, எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இப்போதைக்கு மோசமான கட்டியா தெரியல. ஆனா வளருது. விட்டா மோசமாகலாம், எடுத்துடறதுதான் நல்லது. பிரச்சினை கட்டி இல்லம்மா, இவனோட உடம்பு. இருபத்து நாலு கிலோ இருக்கான். இவ்வளவு கொழுப்பு நெஞ்சை அழுத்திட்டு இருக்கும்போது மயக்க மருந்து குடுத்தா, திரும்ப எழுந்திரிப்பான்னு என்னால சொல்ல முடியாது. பதினெட்டுக்குக் கொண்டு வாங்க. நான் எடுத்துடறேன்."

"என் மேடையில இருபதுதான்..." என்று ஆரம்பித்த சித்தி, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நாயின் விலாப்பக்கம் வைத்தார். "எலும்பு தட்டுப்படுதா? லேசா அழுத்தினாலே விரலால எண்ண முடியணும்." சித்தி அழுத்தினாள். மெத்தை மாதிரி அமுங்கியது. அவள் கண் கலங்கிவிட்டது, அதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

அன்று சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. குற்றவாளி ஒருவர் இல்லை. மின்விசிறியும் மிக்சியும் பழுது பார்க்கிற சித்தப்பா காலையில் தன் ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்து மேஜைக்கு அடியில் நீட்டுவார். ஈ எறும்புக்குத் தெரியாமல் செய்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் ராத்திரிச் சாப்பாட்டில் மிச்சம் வைப்பதே இல்லை என்று சித்தி பெருமைப்படுவாளே, அந்த மிச்சம் எங்கே போனது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. சித்தி வேளாவேளைக்குத் தட்டு நிறைய வைத்தாள். அது போக மேடம் என்று ஒரு பூனை உண்டு. எதையும் நாலு வாய் மட்டும் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜாதி. அதன் கிண்ணத்தில் மீந்ததைத் துடைத்து வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம்.

"பூனை சாப்பாட்டுல கொழுப்பும் புரதமும் அதிகம். அது அதுக்கு வேணும். நாய்க்குக் குடுத்தா தினம் விருந்து சாப்பிட்ட மாதிரி" என்று டாக்டரம்மா போனில் சொன்னார். "அதுக்காகப் பூனையைப் பட்டினி போட்டுடாதீங்க. நாலு நாள் சாப்பிடலைன்னா பூனைக்குக் கல்லீரல் கெட்டுடும். கிண்ணத்தை மட்டும் உயரத்துல வைங்க."

மேடத்தின் கிண்ணம் குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு ஏறியது. கிளீனர் கீழே நின்று, மாமியார் வீட்டில் மரியாதை குறைந்த மாப்பிள்ளை மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு கிண்ணம் அளந்து காலையில் பாதி, மாலையில் பாதி. ரொம்பக் கெஞ்சினால் ஒரு துண்டு வெள்ளரி. எடை மேடையில் சித்தி மைக்கில் அறிவிப்புச் செய்தாள்.

"டிரைவர் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். நாய்க்கு யாரும் பிஸ்கட் போடாதீங்க. அவனுக்கு ஆபரேஷன் இருக்கு. மீறிப் போட்டா அந்த வண்டி வரிசையில கடைசிக்குப் போகும்."

டிரைவர்கள் அடங்கிவிட்டார்கள். மீசைக்காரர் மட்டும் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து, நாயைப் பார்த்து, கண்ணாடி அறையைப் பார்த்து, பெருமூச்சு விட்டுத் தானே தின்றார்.

காலையும் மாலையும் கிளீனரை நடக்கக் கூட்டிப் போகும் வேலையைச் சித்தியே எடுத்துக்கொண்டாள். முதலில் தெருமுனை வரை. நாலு அடி நடப்பான், உட்கார்ந்துவிடுவான். அவனோடு அவளும் யார் வீட்டுச் சுவரோரமாவது உட்காருவாள். பிறகு தண்ணீர்த் தொட்டி வரை போனார்கள், பிறகு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே வேகமாக நடந்த மனுஷி, மழையில் குடை பிடித்துக்கொண்டு நாயோடு போவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

எடை பார்ப்பது வீட்டிலேயே என்று முடிவாயிற்று. சித்தப்பா எங்கிருந்தோ பழுதாகி வந்த ஒரு சின்ன எடை மெஷினைச் சரிசெய்து கொண்டுவந்தார், ஆள் ஏறி நிற்கிற வகை. அதில் நாய் தனியாக நிற்காது. சித்திக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? தொழில்தானே. அவள் நாயைத் தூக்கிக்கொண்டு நின்றால் நிறைந்த லாரி. தனியாக நின்றால் வெறும் லாரி. கழித்தால் நாய்.

சிக்கல், தனியாக நிற்பதில் இருந்தது. முதல் நாள் எங்கள் இருவரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள். ஏறினாள். இறங்கினாள். வந்த எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் கேட்கும் தைரியம் எங்களுக்கும் வரவில்லை. பிறகு சித்தப்பா கிளீனரைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். நாயின் உடம்பு மறைத்ததால் அவளுக்கு எண் தெரியாது, நான்தான் குனிந்து படித்துச் சொல்ல வேண்டும். அவள் மனதுக்குள் கழித்து, "இருபத்து நாலு, சரியா இருக்கு" என்றாள். அந்த ஒரு நாளோடு சரி. அதற்கப்புறம் அவள் தனியாக அந்த மெஷினில் ஏறவே இல்லை. வாராவாரம் நாயோடு ஏறுவாள், நான் படிப்பேன், அவள் கழிப்பாள்.

"இருபத்து மூணு." கொஞ்ச நாள் போனது. "இருபத்தொண்ணு." அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பத்தொன்பது."

சித்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிளீனருக்கு இடுப்பு என்று ஒன்று தெரிய ஆரம்பித்திருந்தது. இரும்புப் படியில் பாதி தாண்டி ஏறினான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் இடுப்பு தெரிகிற வேகத்தைவிட எண் குறைகிற வேகம் அதிகமாக இருக்கிறதோ என்று தோன்றியது. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் சித்திக்குச் சாப்பாடு கொடுக்க எடை மேடைக்குப் போயிருந்தேன். மீசைக்காரர் கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சரக்கோடு எடை போட்டாயிற்று, இறக்கிவிட்டுத் திரும்பி வந்து வரிசையில் நிற்க அவருக்கு நேரமில்லை.

"அம்மா, போன மாசம் எடுத்த வெறும் எடை உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே. அதையே போட்டுக் கழிச்சுக்குங்க. அதே லாரிதானே."

சித்தி மைக்கைத் தட்டினாள். "அது போன மாசத்து லாரி அண்ணே. இன்னைக்கு வந்திருக்கிற லாரிய நான் இன்னும் வெறுமையா பார்க்கல. இறக்கிட்டு வாங்க."

"டயர் மாத்தியிருக்கேன், அவ்வளவுதான்."

"அதான் சொல்றேன். நமக்குத் தெரியாமலே ஏறும், இறங்கும். பழைய எடை செல்லாது."

மீசைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய் வரிசையில் நின்றார். சித்தி என் பக்கம் திரும்பி, "எத்தனை வருஷம் ஆனாலும் புத்தி வராது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பிரித்தாள்.

பதினெட்டு வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளீனரைக் குளிப்பாட்டி, புதுக் கழுத்துப் பட்டி போட்டிருந்தாள் சித்தி. டாக்டரம்மாவின் எடைப் பலகையில் அவன் தானாகவே ஏறி நின்றான். எண் ஓடி நின்றது. இருபத்தொன்று.

"பதினெட்டு" என்றாள் சித்தி.

"இருபத்தொண்ணு காட்டுதும்மா."

"உங்க மெஷினைக் கடைசியா எப்போ சோதிச்சாங்க, டாக்டர்?"

சித்தப்பா கூரையைப் பார்த்தார். டாக்டரம்மா கோபப்படவில்லை. "சந்தேகம்னா நீங்களே ஏறிப் பாருங்களேன். உங்க எடை உங்களுக்குத் தெரியும் இல்ல?"

சித்தி எங்கள் இருவரையும் பார்த்தாள். எங்களுக்கு அந்த முதல் நாள் நினைவிருந்தது, தானாகவே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம். அவள் ஏறும் சத்தம் கேட்டது.

"நான் சொன்னேன்ல" என்றாள் வெற்றிக் குரலில். "மூணு கிலோ தப்பு."

"எந்தப் பக்கம் தப்பு?" என்றார் டாக்டரம்மா.

"என்னை மூணு கிலோ குறைச்சுக் காட்டுது."

"சரி. நாயை மூணு கிலோ கூட்டிக் காட்டுது, உங்களை மூணு கிலோ குறைச்சுக் காட்டுது. ரெண்டும் ஒரே மெஷின்தானேம்மா?"

நான் மெதுவாகத் திரும்பினேன். சித்தி பலகையின் மேல் நின்றபடியே தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையும் மாலையும் நடந்தது நாய் மட்டும் இல்லையே. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அவளும் இளைத்திருக்கிறாள். அது தெரியாமல் முதல் நாள் பார்த்த தன் பழைய எடையையே வாராவாரம் கழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் இளைத்ததெல்லாம் நாய் இளைத்த கணக்கில் சேர்ந்துவிட்டது.

"அது போன மாசத்து நான்" என்றாள் சித்தி மெதுவாக.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. பலகையிலிருந்து இறங்கி, கிளீனரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சத்தமாகவே அழுதாள். "என் எடையப் பார்க்க வெக்கப்பட்டுக்கிட்டு இவன் உயிரோட விளையாடிட்டேனே" என்றாள். அந்த வார்த்தை எனக்கும் தைத்தது. தோன்றிய சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். கிளீனர் அவள் மடியில் தலையை வைத்து, அந்தச் சந்தர்ப்பத்தில் ஏதாவது தின்னக் கிடைக்குமா என்று அவள் கையை மோந்து பார்த்தான்.

டாக்டரம்மாவும் கீழே குந்தி உட்கார்ந்து கட்டியைத் தடவிப் பார்த்தார். "கொஞ்சம் பெருசாகியிருக்கு. ஆனா நேரம் தாண்டிடல. இவன் நிஜமாவே மூணு கிலோ குறைஞ்சிருக்கான். அது வேற யாரோட கணக்கும் இல்ல, இவன் கணக்கு. இதே மாதிரி போங்க. அவசரப்பட்டுப் பட்டினி மட்டும் போடாதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லவில்லை. சித்தி முதலில் தனியாக மெஷினில் ஏறி, எண்ணை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தாள். சித்தப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அதுதான் அவருக்கு நல்லது. அப்புறம் நாயோடு ஏறினாள். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். முதலில் அவள், பிறகு அவனும் அவளும். இந்தத் தடவை எண்கள் மெதுவாக இறங்கின, சில வாரம் இறங்கவே இல்லை. சித்தப்பா ரொட்டியை ஓரத்தோடு தின்னப் பழகினார். நான் மிச்சம் வைத்துத் திட்டு வாங்கினேன். மேடம் உயரத்தில் உட்கார்ந்து எங்கள் அவதியைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டது. கிளீனர் இரும்புப் படி முழுவதும் ஏறி, பழையபடி நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்த அன்று, சித்தி அதை மைக்கில் எல்லாருக்கும் சொன்னாளாம்.

டாக்டரம்மாவின் பலகையிலும் பதினெட்டு வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அன்றைக்குச் சித்தி ஆஸ்பத்திரியில் உட்காரவில்லை. "எனக்கு அங்க இருந்தா நெஞ்சு வெடிச்சிடும். நீங்க இருங்க" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் நான் லீவு போட்டுவிட்டு, கண்ணாடி அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்காலிக்கு அடியில் காலியாக இருந்தது. அவள் அடிக்கடி காலை அங்கே நகர்த்திப் பார்த்து, ஒன்றும் படாமல் இழுத்துக்கொண்டாள். கீழே விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வழக்கமாக முண்டியடிக்கிற டிரைவர்கள் அன்று ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மீசைக்காரரின் லாரி மேடையில் ஏறியது. சித்தி மைக்கைப் போட்டு, "கொஞ்சம் முன்னால..." என்று ஆரம்பித்தபோது போன் அடித்தது. சித்தப்பா. அவள் மைக்கை அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

"சொல்லுங்க." அவள் குரல் யார்டு முழுக்கப் பரவியது. "முடிஞ்சுதா? ... கட்டி முழுசா வந்துடுச்சா? ... அது சரி, எழுந்துட்டானா? ... கண்ணைத் தொறந்தானா இல்லையா, அதச் சொல்லுங்க முதல்ல."

கீழே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிரைவர்கள் கதவைத் திறந்து பாதி இறங்கிய நிலையில் நின்றிருந்தார்கள்.

"தொறந்துட்டானா?" என்றாள் சித்தி. பிறகு விசும்பல்தான் வந்தது. அதையும் அந்த ஒலிபெருக்கி விடாமல் வாங்கி யார்டுக்குக் கொடுத்தது. சித்தப்பா அந்தப் பக்கம் ஏதோ சொன்னார். அவள் அழுகையும் சிரிப்புமாக, "பிஸ்கட்டா? எழுந்த உடனே நர்ஸ் பையையா மோந்து பார்த்தான்?" என்றாள்.

முதல் ஹார்னை யார் அடித்தது என்று தெரியவில்லை. அப்புறம் வரிசையில் இருந்த அத்தனை லாரியும் அடித்தன. அறையின் கண்ணாடி அதிர்ந்தது. சித்தி அப்போதுதான் மைக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் பாதியில் விட்ட "கொஞ்சம் முன்னால" என்பதைக் கேட்டு மீசைக்காரரின் லாரி எப்போதோ மேடையைத் தாண்டி முன்னால் போயிருந்தது. அவர் இறங்கி நின்று, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்தி மைக்கைத் தட்டினாள். குரல் இன்னும் உடைந்துதான் இருந்தது.

"அண்ணே, உங்க எடைய நான் பார்க்கல. மறுபடி ஏத்துங்க."

மீசைக்காரர் எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வண்டியில் ஏறி, பின்னால் எடுத்து, மேடையில் சரியாக நிறுத்தினார்.